ஒரு வாய்த் தண்ணி

அந்த ஜன்னலை நானே சாத்திருதேன் மதினி. உங்களுக்குக் காத்து ஆகாது, முகத்தைப் பாத்தாலே தெரியுது. பையை இப்படிக் குடுங்க, காலுக்கடியில வச்சிருவோம். மதினின்னு கூப்பிட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்க. அக்கான்னா வயசைக் கூட்டுன மாதிரி, தங்கச்சின்னா கொறைச்ச மாதிரி. மதினின்னா வம்பில்ல. நீங்களும் இந்த பஸ்ஸுல திருநவேலிக்குத்தானே? கல்யாண வீடா இருக்கும். பூ வச்சிருக்கீங்க, பையில குத்துவிளக்கு மாதிரி என்னமோ இடிக்கி. வேண்டாம், வேண்டாம், நீங்க சொல்லவே வேண்டாம். ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு கிடையாது. பதினோரு வருசமா அதுதானே என் பொழப்பு.

என் பேரு சீனியம்மா. கோவில்பட்டிக்கு வெளிய ஒரு இல்லம் இருக்கு, அங்க ஆயா. சின்னப் புள்ளைக இல்லம்னு நெனச்சிராதீங்க. எல்லாம் மீசை வச்ச ஆம்பளைக. முப்பது, நாப்பது வயசு. உடம்பு வளந்துட்டு, புத்தி மட்டும் நடுவழியில உக்காந்துட்டு. ஊருக்குள்ள கோட்டின்னு, கிறுக்குன்னு சொல்லுவான். என் காதுபட ஒருத்தன் சொன்னான், மிளகா கமிஷன்கடைக்காரன். அவன் சம்சாரம் காதுபட நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். பிறகு அவன் அந்தத் தெருவுல எங்களைப் பாத்தா எந்திரிச்சு நிக்கான்.

அதை விடுங்க. எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்க.

கோமதிநாயகம்னு ஒரு புள்ள. புள்ள என்ன புள்ள, நாப்பத்திரெண்டு வயசு, காதோரம் நரைச்சாச்சு. எனக்குப் புள்ளதான். பேச்சு கிடையாது. ‘ம்’னு ஒண்ணு, ‘ஆ’ன்னு ஒண்ணு, அதுவும் அவனுக்கா மனசு வந்தா. ஆனா எனக்கு அவன் பேசணும்னு அவசியமே இல்ல. கண்ணு இப்படிப் போனா பசி, அப்படிப் போனா தூக்கம். மானேஜர் ரவுண்டு வருவாரு. “என்ன நாயகம், சாப்டியா?”ம்பாரு. “சாப்ட்டான் சார்.” “ராத்திரி தூங்குனியா?” “தூங்குனான் சார், ரெண்டு தடவை முழிச்சான்.” “சந்தோசமா இருக்கியா?” “அவனுக்கு என்ன சார் கொறை!” மானேஜர் என்னைப் பாத்துச் சிரிப்பாரு. “சீனியம்மா, நீங்க இல்லாட்டி நாயகத்துக்கு வாய் இல்ல”ம்பாரு. அந்த வார்த்தை எனக்கு ஒரு பவுன்.

ஒரே ஒரு கொறை, காது. எடது காது. பொத்திக்கிடுவான். நான் சோத்தைக் கொண்டுபோய் வச்சுப் பக்கத்துல உக்காந்தா அஞ்சு நிமிசத்துல கை காதுக்குப் போயிரும். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனேன். டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, காது சுத்தமா இருக்கும்மான்னுட்டாரு. இந்தக் காலத்து டாக்டருக்கு என்ன தெரியும்? நானே பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுவேன். இதுல அதிசயம் என்னன்னா, வேற யாருகிட்டயும் அவன் காது வலின்னு காட்ட மாட்டான். சமையக்காரி, வாட்ச்மேன், மானேஜர், யாருகிட்டயும் கிடையாது. என்கிட்ட மட்டுந்தான். உரிமை மதினி. வலியைச் சொல்லுததுக்கும் ஒரு உரிமைப்பட்ட ஆளு வேணும்லா?

அவன் வந்த புதுசை நீங்க பாத்திருக்கணும். ஆத்தா செத்துப் பதினாறு கழியல, அண்ணன்காரன் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். சோத்தைத் தொடல. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். ஆத்தா அவன்கூட எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கும்னு அண்ணன் சொல்லிட்டுப் போயிருந்தான். சரி, நாமளும் பேசுவோம்னு பாயை விரிச்சு உக்காந்தேன். ரேசன்கடைச் சண்டை, எங்க வீட்டுக் கோழி களவு போனது, எங்க வீட்டுக்காரரு குறட்டை, ஒண்ணு விடல. மூணு நாளு. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நடுவுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கலாம்னு சொம்பை எடுத்தேன் பாருங்க, அந்நேரம் திரும்புனான். என்னைப் பாத்தான். அந்தப் பார்வை இருக்கே... சோத்தை உருட்டிக் குடுத்தேன், வாங்கிக்கிட்டான். பேச்சுதான் புள்ளையத் திருப்புச்சுன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு நான் நிறுத்தவேயில்ல. நிறுத்துனா திரும்பச் சுவத்தைப் பாத்துப் படுத்துருவானோன்னு ஒரு பயம்.

எனக்கும் வீட்ல யாரு இருக்கா பேச? எங்க வீட்டுக்காரரு பேசாத மனுசன். அவரு போய்ச் சேந்த பிறகும் வீட்ல பெருசா வித்தியாசம் தெரியல, குறட்டைதான் இல்ல.

இப்படிப் போய்க்கிட்டிருந்த பொழப்புலதான் பியூலா வந்து சேந்தா. பாளையங்கோட்டைக்காரி. முப்பது வயசு இருக்கும். நல்ல தண்டி, நல்ல சிரிப்பு. இந்த மாதிரி ஆளுகளோட எப்படிப் பேசணும், எப்படிப் பழகணும்னு அதுக்குன்னே படிச்சிருக்காளாம். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பேசுததுக்கு ஒரு படிப்பா? முத நாளே நாயகத்துக்கு முன்னால போய் நின்னு, கையைக் கும்பிட்டு, “வணக்கம் அண்ணாச்சி”ங்கா. அண்ணாச்சியாம்! மூக்குத் தொடைச்சுவிட்டுச் சோறூட்டுத புள்ளைக்கு அண்ணாச்சி! நான் வாயைப் பொத்திச் சிரிக்கேன், இவன் என்னடான்னா நெஞ்சை நிமித்தி வேட்டியைச் சரிபண்ணுதான். வந்த அன்னைக்கே வசியம் பண்ணிட்டா.

ரெண்டு நாளு ஒண்ணும் சொல்லாம என் பின்னாலயே சுத்துனா. மூணாம் நாளு காலையில நான் எப்பவும் போல, “நாயகம், எந்திரிச்சியா, பல்லு வெளக்கலியா, சட்டை எங்க, காப்பி குடிக்கியா, ஏன் முறைக்க”ன்னு கேட்டுக்கிட்டே காப்பியை ஆத்துதேன். இவ பக்கத்துல வந்து, “அக்கா, இதுல எந்தக் கேள்விக்கு அண்ணாச்சி பதில் சொல்லணும்?”ங்கா.

“எதுக்கும் வேண்டாம். எனக்கே எல்லாம் தெரியும்.”

“பின்ன எதுக்குக்கா கேக்கீங்க?”

பாருங்க, இது ஒரு கேள்வியா? கேக்கணும்னுதான் கேக்கேன்.

மறுநாளு எங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு ஆளுக்கொரு தம்ளர் தண்ணி குடுத்தா. “இனிமே ஒரு நேரத்துல ஒரு கேள்வி. சின்னக் கேள்வி. கையில அந்தப் பொருளைக் காட்டிக் கேக்கணும். கேட்ட உடனே ஒரு வாய்த் தண்ணிய ஊத்தி வாயில வச்சுக்கிடணும். முழுங்கக் கூடாது. அவங்க பதில் காட்டுத வரைக்கும்”னா. அவங்களுக்குக் கேள்வி உள்ள போய்ச் சேர நேரம் ஆகுமாம், பதில் கெளம்பி வெளிய வர அதுக்கு மேல நேரம் ஆகுமாம், நாம அதுக்குள்ள ரெண்டாங் கேள்வியைக் கேட்டா பாதி வழியில வந்த பதில் திரும்பிப் போயிருமாம்.

“ஏன் பியூலா, வாயைத் தச்சுவிட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்லா?”ன்னேன்.

“தச்சா நீங்க எப்படிக்கா சாப்பிடுவீங்க? தண்ணி போதும்.”

“முழுங்கிட்டா?”

“இன்னொரு வாய் ஊத்துங்க. கோவில்பட்டி வெயிலுக்கு நல்லதுதானே.”

சிரிச்சுக்கிட்டே பேசுவா, சண்டைக்கும் புடிகுடுக்க மாட்டா. அன்னைக்கு மட்டும் நான் ஒரு குடம் தண்ணி முழுங்கியிருப்பேன். பாத்ரூமுக்கும் வராண்டாவுக்கும் நடந்தே செருப்புத் தேஞ்சுட்டு.

மத்தியானச் சோறு. பியூலா ஒரு கையில சாம்பார் கிண்ணம், ஒரு கையில மோர்க் கிண்ணம். “அண்ணாச்சி, எது வேணும்?” அம்புட்டுதான். வாயில தண்ணி. கன்னம் ரெண்டும் பூரி மாதிரி. நாயகம் பாக்கான். நானும் பாக்கேன். எனக்குத் தெரியும், அவனுக்குச் சாம்பாருன்னா உசுரு, பதினோரு வருசமா நான்தானே ஊத்துதேன். சொல்லிரலாம்னு வாயைத் திறந்தா தண்ணி! மெயின்ரோட்டுல ஒரு லாரி தூரத்துல கேட்டுச்சு. கிட்ட வந்துச்சு. தாண்டிப் போச்சு. சத்தமும் அடங்கிப்போச்சு. இவ அசையல. அந்நேரம் நாயகம் தொண்டையைச் செருமுனான். “மோரு”ன்னான்.

ஆமா மதினி. வாயைத் திறந்து. மோரு.

சமையக்காரி கரண்டியக் கீழ போட்டுட்டா. நான் முழுங்குன தண்ணி மூக்கு வழியா வந்துட்டு. எல்லாரும் பியூலாவைத் தூக்கி வச்சுக் கொண்டாடுதாக. அந்த வார்த்தையை அவன் காதுல பதினோரு வருசமா போட்டு வச்சது யாரு? நான்லா? விதைச்சவ ஒருத்தி, அறுத்தவ ஒருத்தி. அதோட, அன்னைக்கு அவனுக்கு வயிறு சரியில்ல, அதான் மோரு கேட்டான். மறுநாளும் மோருதான் கேட்டான். வயிறு நல்லாக நாலு நாளாகும்லா.

பிறகு சட்டை. நான் அவனுக்கு மஞ்சப் பனியன்தான் போடுவேன், கூட்டத்துல தேட லேசு. இவ ரெண்டு காட்டுனா, வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்தான். பட்டனைத் தப்பும் தவறுமாப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னான் பாருங்க, தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் தோத்தான். யாரு துவைக்க? நான்தான்.

கயத்தாறு தாண்டியாச்சா? பரவாயில்ல, நல்ல வண்டிதான்.

இப்பதான் முக்கியமான இடம். இல்லத்துக்காரங்க பாளையங்கோட்டையில ஒரு வீடு பிடிச்சாங்க. சாதாரண வீடு, தெருவுக்குள்ள. அக்கம்பக்கம், காய்கறி வண்டி, பால்காரன் எல்லாம் உண்டு. நாலு பேரு அங்க போய் இருக்கதுன்னும், துணைக்கு பியூலாவும் இன்னொரு பையனும்னும் ஏற்பாடு. யாரு போறதுன்னு அவங்கவங்களைத்தான் கேக்கணுமாம். நாயகத்தோட அண்ணனுக்குப் போன் போட்டா, “யாரு பாத்துக்கிட்டாலும் சரி”ன்னு வச்சுட்டான். நான் மானேஜர்கிட்ட சொன்னேன், “நாயகத்தைக் கேக்கவே வேண்டாம் சார், அவன் என்னைய விட்டுப் போக மாட்டான்.” மானேஜர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, “இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுருவோம் சீனியம்மா”ங்காரு. அவரும் அந்தத் தண்ணியைக் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

முதல்ல நாயகத்தையும் சேத்து நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் ஒரு வாரம் அங்க தங்க வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. வாயால கேட்டா விளங்காதுன்னு, பெஞ்சு மேல ரெண்டு சாமான் வச்சா பியூலா. ஒண்ணு நாயகம் இங்க திங்கிற தட்டு. இன்னொண்ணு அந்த வீட்டுச் சாவி, செவப்புக் கயிறு கட்டுனது. அங்க இருந்த ஒரு வாரமும் கதவைத் திறக்கது பூட்டுதது இவன்தானாம். “அண்ணாச்சி. இந்த இல்லமா, அந்த வீடா?” தட்டைத் தொட்டா, சாவியைத் தொட்டா. எல்லாரு வாயிலயும் தண்ணி. எனக்கும். அவனுக்கு எதிர்க்க நான்தான் உக்காந்திருக்கேன்.

நேரா என்னைப் பாத்தான். கை தட்டுக்குப் போச்சு. எனக்கு நெஞ்சு குளுந்துட்டு. பாத்தியா பியூலான்னு சொல்லத் தண்ணியை முழுங்கப் போறேன். அவன் தட்டை எடுத்து, மத்த கையால சாவியை எடுத்து, அந்தத் தட்டுல ‘டங்’குன்னு போட்டான். தட்டையும் சாவியையும் தூக்கிக்கிட்டு நேரா வாசல் கேட்டுக்குப் போய் நின்னுக்கிட்டான்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா திரும்பியிருப்பான். வாயி முழுக்கத் தண்ணி மதினி. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல.

பியூலா நல்லவ, அவசரப்படல. தற்செயலா இருக்கக் கூடாதுன்னு இன்னொரு நாளு, சாமானை இடம் மாத்தி வச்சுக் கேட்டா. நானும் சும்மா இருப்பனா? யாரும் பாக்காம தட்டுல ஒரு கடலைமிட்டாயை வச்சேன். எங்க ஊரு கடலைமிட்டாய்க்கு மசியாத ஆளு யாரு? மிட்டாயை எடுத்தான். நல்லா நிதானமாத் தின்னான். பல்லுல ஒட்டுனதை வெரலால எடுத்தான். கையை வேட்டியில தொடைச்சான். சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

பியூலா என்னைப் பாத்துச் சிரிச்சா. “அக்கா, நாளைக்கு லட்டு வச்சுப் பாப்பமா?”ன்னா.

“சாவி பளபளன்னு இருக்கு, அதான் எடுக்கான்”னேன். அதுக்காக மூணாவது தடவை துருப்பிடிச்ச பழைய சாவியில அதே செவப்புக் கயித்தைக் கட்டி வச்சா. அதையும் எடுத்தான். சாவின்னா பிரியம் போல. எங்க தெருவுல ஒரு பையனுக்கு ஆணின்னா பிரியம்.

போய்ட்டான். இப்ப ரெண்டு மாசமாச்சு. எனக்கு இல்லத்துல வேற ஆளுக இருக்காக, வேலைக்குப் பஞ்சமில்ல. ஆனா அவன் கட்டில் பக்கம் போனா வாயி தானா “நாயகம்”னு ஆரம்பிச்சுருது. கட்டில் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தேன். ஆப்பம் சுட்டு, தேங்காப்பால் எடுத்து, தூக்குவாளியில கொண்டுபோனேன். கதவு திறந்துதான் கெடந்துச்சு. விறுவிறுன்னு உள்ள போனேன். “என்ன நாயகம் இளைச்சுட்ட, தலை ஏன் இப்படிக் கெடக்கு, இந்தப் பாயை யாரு இப்படிச் சுருட்டுனது”ன்னு சீப்பை எடுத்துத் தலையைச் சீவ ஆரம்பிச்சேன். அந்தானைக்குப் படக்குன்னு எந்திரிச்சான், பாத்ரூமுக்குள்ள போனான், தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டான். ஒரு மணி நேரம் வெளிய வரல. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தேன். வயசாக ஆக ஆம்பளைகளுக்கு வெக்கம் வந்துருது பாத்தீங்களா? ஆப்பம் ஆறிப்போச்சு. பஸ்ஸு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

நேத்து பியூலா போன் பண்ணுனா. நான் இன்னைக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன். “தாராளமா வாங்கக்கா. ஆனா இது அண்ணாச்சி வீடு. வாசல்ல நின்னு, ‘உள்ள வரட்டுமா’ன்னு கேளுங்க. கேட்டுட்டுத் தண்ணிய ஊத்திக்கிடுங்க”ன்னா. அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவ நான். அவன் வீட்டு வாசல்ல, வாயில தண்ணிய வச்சுக்கிட்டு, ஒத்தைக்கால் கொக்கு மாதிரி நிக்கணுமாம்.

நிப்பேன். அதுல எனக்கு ஒரு கொறைச்சலும் இல்ல. இந்தா பாருங்க பாட்டிலு. பாதி காலி. வழியெல்லாம் பழகிக்கிட்டுதான் வாரேன். பஸ் ஸ்டாண்டுல இந்தக் கண்டக்டர்கிட்ட, “திருநவேலிக்கு எம்புட்டு?”ன்னு கேட்டுட்டு ஒரு வாய் ஊத்திக்கிட்டு நின்னேன். அவன் என் கன்னத்தைப் பாத்துட்டு, வாந்தி வருதுன்னு நெனச்சு ஒரு பிளாஸ்டிக் கவரைக் குடுத்துட்டு அந்தப் பக்கம் ஓடிட்டான்!

சிரிக்கணும் போல இருந்தா சிரிங்க மதினி, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

ஒரே ஒரு யோசனைதான். அவன் பதில் சொல்லாட்டா எனக்கு ஒண்ணுமில்ல. பதினோரு வருசமா அவன் சொல்லாத பதிலை வச்சுத்தானே நான் காலத்தை ஓட்டியிருக்கேன். இவன் இப்ப சொல்லப் பழகிட்டான்லா. “உள்ள வரட்டுமா நாயகம்?”ங்கேன். ஒரு லாரி வருது, தாண்டிப் போகுது. அவன் தொண்டையைச் செருமுதான். அப்ப பதில் வந்துட்டா என்ன செய்ய?

அதை நெனச்சா ராத்திரி தூக்கமில்ல. ஆப்பம் வேண்டாம்னு விட்டுட்டேன். பூண்டு எண்ணெய் மட்டும் ஒரு சின்னக் குப்பியில கொண்டுபோறேன். அங்க போன பிறகு அவன் காதைப் பொத்துததே இல்லன்னு பியூலா சொல்லுதா. ஒரு தடவை கூட இல்லியாம். எப்படி இல்லாமப் போகும்? அவ கவனிச்சிருக்க மாட்டா. வீட்டு வேலை, கடை கண்ணின்னு ஆயிரம் சோலி அவளுக்கு. போன தடவை நான் போயிருந்தப்பவே பாத்தேனே, பாத்ரூமுக்குள்ள போகும்போது கை காதுலதான் இருந்துச்சு. எனக்கு மட்டுந்தான் மதினி அந்த வலி தெரியும். எனக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னு கேட்டீங்கன்னா...

தாழையூத்து வந்துட்டு போல. சிமெண்டு ஆலை வாடை அடிக்கி.

என்ன மதினி, நீங்களும் காதைப் பொத்திட்டீங்க? காத்தா? ஜன்னல்தான் சாத்தியிருக்கே. வலியா? எடது காதுதானா? அடடா, சொல்லக் கூடாதா, பையிலதான் எண்ணெய் இருக்கு, இருங்க, தலையை இப்படிச் சாய்ங்க, ரெண்டே சொட்டு...

கயத்தாறுலயே உங்க கை காதுக்குப் போயிருந்துச்சோ?

...

காது சுத்தமா இருக்குன்னுதான் டாக்டர் சொன்னாரு. ரெண்டு தடவையும்.

...

இந்தாங்க, உங்க பை. மடியிலயே வச்சுக்கிடுங்க. நான் எண்ணெயை உள்ள வச்சுட்டேன்.

மதினி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சின்னக் கேள்விதான். இந்த ஜன்னலைத் திறக்கட்டுமா, இப்படியே இருக்கட்டுமா? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. ஊரு வர இன்னும் நேரம் இருக்கு. இருங்க, பாட்டில் மூடி இறுகிட்டு. ம், திறந்துட்டு. நீங்க சொல்லுத வரைக்கும் என் வாயில தண்ணி இருக்கும்.